ஒரு பாடம் பிறந்த கதை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆபிரிக்கானா கற்கை

பல்கலைக்கழகம் ஒன்றில் எது பாடமாகலாம், எது பாடமாகக் கூடாது என்பதை யார் தீர்மானிப்பது? நாம் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. பாடத்திட்டம் மேலிருந்து வரும். நாம் படிப்போம், பிறகு படிப்பிப்போம். ஆனால் இக்கேள்வியை உரத்துக் கேட்டு, பொலிசாரின் பொல்லடி வாங்கி, சிறைக்கும் போய், ஈற்றில் ஒரு புதிய பாடத்தையே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த மாணவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்று 'ஆபிரிக்கானா கற்கைகள்' என்ற பெயரிலும் அதையொத்த வேறு பெயர்களிலும் பட்டப்படிப்பாகப் பயிலப்படும் துறையின் கதை அத்தகையது.

நான் பல்கலைக்கழகம் சென்றவனல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பித்து வருபவன். எனது வகுப்பறைக்குள் ஆபிரிக்கா இரண்டு தடவைதான் எட்டிப் பார்க்கும். ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்படும்போது நன்னம்பிக்கை முனையாக ஒரு தடவை. அடிமைக் கப்பலாக மறு தடவை. அந்தக் கப்பலில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவனுக்கு ஓர் ஊர் இருந்ததா, அவனுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது யார், அவன் படித்த கிதாபு எது என்றெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கலாசாலை நாட்களில் மல்கம் எக்ஸின் சுயசரிதையை அகராதியும் கையுமாக ஆங்கிலத்தில் வாசித்தபோது, அவருக்கும் இதே குறை இருந்ததை அறிந்தேன். அவர் படித்த பாடசாலையின் வரலாற்றுப் புத்தகத்தில் கறுப்பின மக்களின் வரலாறு ஒரேயொரு பந்திதானாம். ஆசிரியர் அதையும் சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தாராம். தன் மக்களின் வரலாற்றை அவர் பிற்காலத்தில் சிறைச்சாலை நூலகத்திலிருந்துதான் படித்துக்கொண்டார்.

அந்தச் சிறைச்சாலையில் அவர் வாசித்தவர்களுள் இருவர் இங்கு முக்கியமானவர்கள். ஒருவர் டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ். 1895இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர். ஆபிரிக்காவையும் அதன் பிள்ளைகள் சிதறிச் சென்ற நாடுகளையும் ஒருசேர எடுத்துரைக்கும் 'ஆபிரிக்கானா' கலைக்களஞ்சியம் ஒன்றை 1909ஆம் ஆண்டிலேயே கனவு கண்டவர். நுக்ருமாவின் அழைப்பை ஏற்று 1961இல் கானாவுக்குச் சென்று அப்பணியில் இறங்கினார். அது முடியாமலே 1963 ஓகஸ்ட் 27இல் அக்ராவில் காலமானார்.

மற்றவர் கார்ட்டர் ஜி. வூட்சன். முன்னாள் அடிமைகளுக்கு 1875இல் பிறந்த மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, இருபது வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் காலடி வைத்தவர். வாஷிங்டனில் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே 1912இல் ஹாவர்டில் கலாநிதிப் பட்டத்தை முடித்தார். 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கத்தை நிறுவினார். மறு வருடம் அதற்கென ஓர் ஆய்வுச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1926 பெப்ரவரியில் அவர் ஆரம்பித்த 'நீக்ரோ வரலாற்று வாரம்' 1976இல் 'கறுப்பின வரலாற்று மாதம்' ஆக விரிந்தது. 1933இல் வெளியான அவரது நூலொன்று, கறுப்பினப் பிள்ளைக்குக் கொடுக்கப்படும் கல்வியே அவனைத் தன்னையே இழிவாக நினைக்கப் பழக்குகிறது என்று வாதிடுகிறது. ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய நூல் அது என்பது வாசிக்கும்போதே விளங்கும்.

ஆக, அறிவு இருந்தது. நூல்கள் இருந்தன, சஞ்சிகை இருந்தது. தெற்கே கறுப்பினத்தவருக்கென இருந்த கல்லூரிகளில் சில பாடங்களும் இருந்தன. வெள்ளையர் நடத்திய பெரும் பல்கலைக்கழகங்களின் வாசலுக்குள் மட்டும் அது நுழையவில்லை. வாசலைத் திறந்தவர்கள் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள்.

சான்பிரான்சிஸ்கோ அரச கல்லூரியில் 1966 முதலே கறுப்பின மாணவர்கள் தாமாகவே வகுப்புகளை ஒழுங்குசெய்து தம் வரலாற்றையும் இலக்கியத்தையும் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1968இல் நேதன் ஹேர் என்ற சமூகவியலாளர் கறுப்பினக் கற்கைகளை ஒருங்கிணைக்க நியமிக்கப்பட்டார். ஆனால் துறை வரவில்லை. கூட்டங்களும் அறிக்கைகளும்தான் வந்தன. ஜோர்ஜ் மரே என்ற ஆங்கில விரிவுரையாளர் தன் அரசியல் பேச்சுகளுக்காக இடைநிறுத்தப்பட்டதும் பொறுமை எல்லை கடந்தது. 1968 நவம்பர் 6இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பின மாணவர் சங்கம் 10 கோரிக்கைகளை வைத்தது. லத்தீன் அமெரிக்க, சீன, ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் வம்சாவளி மாணவர்களையும் இணைத்த 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி' மேலும் 5 கோரிக்கைகளை வைத்தது. பட்டம் வழங்கும் அதிகாரமுள்ள தனித்துறை, நிரந்தர ஆசிரியர்கள், கூடுதலான மாணவர் அனுமதி ஆகியவையே அவற்றின் சாரம்.

வேலைநிறுத்தத்தின் நடுவே தலைவர் பதவி எஸ். ஐ. ஹயகாவாவின் கைக்கு வந்தது. சொற்பொருளியலில் பேர்போன இந்தப் பேராசிரியரும் ஜப்பானிய வம்சாவளியினர்தான். 1968 டிசம்பர் 2இல் மாணவர்களின் ஒலிபெருக்கி வாகனத்தில் தாமே ஏறி வயர்களைப் பிடுங்கி எறிந்தார். மொழியின் ஆற்றலைப் பற்றி நூல் எழுதியவர் மாணவர்களின் குரலுக்குச் செய்த மரியாதை அது. அந்தக் காட்சி நாடெங்கும் அவரைப் பிரபலமாக்கியது. பின்னாளில் செனட் சபைக்கும் கொண்டு சேர்த்தது. 1969 ஜனவரியில் ஒரே நாளில் 400க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் குதித்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்களின் பின்னர், மார்ச் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. அந்த வருடமே கறுப்பினக் கற்கைத் துறையும், அதை உள்ளடக்கிய இனக்குழுக் கற்கைகள் கல்லூரியும் பிறந்தன. நேதன் ஹேரின் ஒப்பந்தம் மாத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. வேலை போனவர் நண்பர்களோடு சேர்ந்து 'த பிளக் ஸ்கொலர்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். சிறுசஞ்சிகை நடத்துபவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

'ஆபிரிக்கானா' என்ற பெயர் ஒரு துறையின் பெயராக நிலைத்தது நியூயோர்க் மாநிலத்தின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில். 1960களின் ஆரம்பத்தில் அங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்களே இருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் பெர்கின்ஸ் எடுத்த முயற்சியால் அத்தொகை 1969 அளவில் சுமார் 250 ஆகியது. கதவைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே வந்தவர்களுக்கு எதைப் படிப்பிக்கப் போகிறோம் என்று யோசித்திருக்கவில்லை. கற்கை நிலையம் பற்றிய பேச்சுகள் இழுபட்டுக்கொண்டிருந்த வேளையில், 1969 ஏப்ரல் 18 அதிகாலையில் கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த விடுதியின் முன்னால் ஒரு சிலுவை கொளுத்தப்பட்டது. எரியும் சிலுவைக்கு அமெரிக்காவில் ஓர் அர்த்தம்தான் உண்டு. அது கறுப்பினத்தவருக்கு விடுக்கப்படும் கொலை மிரட்டல். மறுநாள் மாணவர்கள் வில்லர்ட் ஸ்ட்ரெயிட் மண்டபத்தைக் கைப்பற்றினார்கள். வெள்ளை மாணவர் சிலர் உள்ளே புகுந்து தாக்க முயன்ற பிறகு, துப்பாக்கிகள் உள்ளே கொண்டுவரப்பட்டன. ஏப்ரல் 20இல் உடன்பாடு கண்டு, தோளில் துப்பாக்கிகளோடு அவர்கள் வெளியேறிய புகைப்படத்துக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை என்பதை அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. பெர்கின்ஸ் பதவி விலகினார்.

அதே வருடம் ஆபிரிக்கானா கற்கை ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. முதல் பணிப்பாளர் ஜேம்ஸ் டேர்னர். 'கறுப்பு' என்ற நிறத்தோடு நின்றுவிடாமல் ஆபிரிக்கக் கண்டம், கரீபியன் தீவுகள், இரு அமெரிக்காக்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வரலாற்றின் கிளைகளாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் தேர்ந்த பெயரின் பொருள். நிலையத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. 1970 ஏப்ரல் 1இல் அதன் கட்டடம் தீவைத்து எரிக்கப்பட்டது. நூல்களும் ஆய்வுக் குறிப்புகளும் சாம்பலாயின. நூலகம் எரிவது எப்படியிருக்கும் என்பதை 1981இல் யாழ்ப்பாணத்தில் பார்த்த நாட்டவர் நாம், விளக்கம் வேண்டியதில்லை. நிலையம் வேறொரு கட்டடத்தில் மீண்டும் வகுப்புகளைத் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

இத்துறையில் சேரும் ஒரு மாணவன் அல்லது மாணவி எதைப் படிக்கிறார்? பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபாடு உண்டென்றாலும் அடிப்படை ஒன்றுதான். அடிமை வியாபாரத்துக்கு முந்திய ஆபிரிக்க அரசுகள், அத்திலாந்திக் அடிமை வியாபாரம், விடுதலைப் போராட்டங்கள், இலக்கியம், இசை, அரசியல், சமூகவியல் எல்லாம் கலந்த படிப்பு அது. ஒரு துறைக்குள் பல துறைகளின் முறைகளைப் பயில வேண்டும். எண்களையும் வாசிக்கத் தெரிய வேண்டும். கப்பல் பதிவேடுகளைக் கோத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய தரவுத்தளத்தின்படி, ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் ஆபிரிக்கக் கரைகளிலிருந்து ஏற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர்தான் மறுகரையில் இறங்கினார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கடலின் அடியில் இருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கு இப்படியும் வரலாறு சொல்லும்.

ஆபிரிக்க மொழியொன்றையும் பலர் கற்கிறார்கள். சுவாஹிலி படிப்பவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொற்களில் சில நமக்குப் பழக்கமானவை. புத்தகத்துக்கு 'கிதாபு', உலகத்துக்கு 'துனியா', நேரத்துக்கு 'வகாதி', கல்விக்கு 'எலிமு', ஆசிரியருக்கு 'முவாலிமு'. தன்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயை மக்கள் 'முவாலிமு' என்றே அழைத்தார்கள். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அறபுச் சொற்கள் இந்து சமுத்திரத்தின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஒரே காற்றில் வந்து சேர்ந்தவை என்பதற்கு நம் வீடுகளில் புழங்கும் பேச்சே போதிய சான்று.

இத்துறை வரலாற்றை வாசிக்கும் முறையையே எப்படி மாற்றியது என்பதற்கு ஓர் உதாரணம். ஜோர்ஜியா மாநிலத்தின் கரையோரம் சப்பெலோ என்றொரு தீவு. அங்கு 19ஆம் நூற்றாண்டில் பிலாலி முஹம்மத் என்ற அடிமை, தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்தார். மேற்காபிரிக்காவின் பூட்டா ஜலோன் பகுதியில் பிறந்தவர். அவர் அறபெழுத்தில் எழுதி விட்டுச்சென்ற ஒரு சிறு கையெழுத்துப் பிரதியை நெடுங்காலம் வெள்ளையர் அவரது நாட்குறிப்பு என்றே நம்பினார்கள். அடிமை எதை எழுதியிருப்பான், தோட்டக் கணக்கைத்தானே என்பது அவர்கள் நினைப்பு. ஜோசப் கிரீன்பேர்க் என்ற மொழியியலாளர் அதை நைஜீரியாவின் கானோ நகர உலமாக்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். வுழூ, அதான், தொழுகை பற்றிய சட்டங்கள் அதில் இருந்தன! கைரவானைச் சேர்ந்த மாலிக்கி அறிஞர் இப்னு அபீ ஸைத் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ரிஸாலா'வின் பகுதிகளை, மத்ரஸாவில் ஓதிய ஞாபகத்திலிருந்து பிலாலி எழுதி வைத்திருக்கிறார். கிரீன்பேர்க் இதை 1940இல் வெளியிட்டது வூட்சன் தொடங்கிய அதே சஞ்சிகையில்தான். அப்படியொரு சஞ்சிகை இல்லாதிருந்தால் அந்தக் கட்டுரைக்கு எந்தப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும்?

உமர் இப்னு ஸைத் இன்னொருவர். செனகல் ஆற்றங்கரையின் பூட்டா டோரோவில் 1770ஆம் ஆண்டளவில் பிறந்து, இருபத்தைந்து வருடங்கள் கல்வி தேடிய ஆலிம். 1807இல் சாள்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, வட கரோலினாவில் சிறையில் கிடந்தபோது சுவரில் அறபில் எழுதத் தொடங்கினார். 1831இல் அறபு மொழியிலேயே தன் வாழ்க்கையை எழுதினார். அந்தச் சிறுநூல் ஸூரத்துல் முல்க்கோடு தொடங்குகிறது. ஆட்சி அனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று சொல்லும் அத்தியாயம் அது. தன்னைச் சொந்தமாக்கிக் கொண்டதாகக் கருதியவர்களின் வீட்டிலிருந்தபடி ஓர் அடிமை அதைத் தேர்ந்தெடுத்தான் என்பதை இன்று இளநிலை மாணவர்கள் வகுப்பில் வாசித்து விவாதிக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அப்பிரதியை 2017இல் பெற்று, 2019இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

இத்துறைக்கு எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. சென் லூசியாத் தீவில் பிறந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கறுப்பினப் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ், 1969இலேயே இதைக் கடுமையாக விமர்சித்தார். உயர்பதவிகளுக்கான படிகள் பொறியியலிலும் மருத்துவத்திலும் கணக்கியலிலும் இருக்கின்றன. கறுப்பின மாணவர்கள் கிடைத்த வாய்ப்பைத் தம்மைப் பற்றிப் படிப்பதிலேயே செலவழித்துவிட்டால் மேலே போவது யார் என்பது அவர் கேள்வி. 1979இல் நோபல் பரிசு பெற்ற மனிதரின் வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. கலைப்பிரிவைத் தேர்ந்த பிள்ளையின் தகப்பனார் பாடசாலைக்கு வந்து, "சேர், இதப் படிச்சி என்ன தொழில் செய்ற?" என்று கேட்பதும் இதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஏழை வீட்டின் கவலை இருக்கிறது.

டிரினிடாட்டைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் வேறொரு பக்கத்திலிருந்து பேசினார். ஹெய்ட்டி அடிமைகளின் புரட்சியை 1938இல் நூலாக்கியவர்; கிரிக்கெட்டைப் பற்றி 1963இல் எழுதிய நூலுக்காக நம்மில் சிலருக்கும் தெரிந்தவர். கறுப்பினக் கற்கை என்று தனியாக ஒன்று இருக்க முடியாது, மேற்குலக நாகரிகத்தின் வரலாற்றைச் சரியாகப் படித்தாலே அதில் கறுப்பினத்தவர் நடுநாயகமாக இருப்பர் என்பது அவர் நிலைப்பாடு. எனினும், அந்தச் சரியான படிப்பு எங்கும் நடக்காதபடியால் மாணவர்களின் போராட்டத்தை அவர் ஆதரித்தார்.

என்னைக் கேட்டால், லூயிஸின் கேள்விக்கு நல்ல பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது. மே ஜெமிசன் 1977இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்றார். கூடவே ஆபிரிக்க, ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைகளுக்கான பாடங்களையும் பூர்த்தி செய்தார். பிறகு மருத்துவரானார். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதலாவது கறுப்பினப் பெண்ணும் அவரே. தன்னை அறிவதும் உலகை அறிவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் ஜெமிசன் ஆக முடியாதுதான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

துறைக்குள்ளும் சச்சரவுகள் நடந்தன, நடக்கின்றன. பெண்களின் பங்களிப்பு மறைக்கப்படுவதாகக் கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் 1980களில் குரலெழுப்பினார்கள். 1988இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதலாவது கலாநிதிப் பட்டநெறியை ஆரம்பித்த மொலெபி அசாண்டே, எல்லாவற்றையும் ஆபிரிக்காவை மையமாக வைத்தே பார்க்க வேண்டும் என்றார். ஹாவர்டில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் போன்றோர் அதை ஏற்கவில்லை. கேட்ஸும் அந்தனி அப்பையாவும் சேர்ந்து 1999இல் 'ஆபிரிக்கானா' என்ற கலைக்களஞ்சியத்தை வெளியிட்டபோது, டு பொய்ஸின் தொண்ணூறு வருடக் கனவுக்கு ஓர் உருவம் கிடைத்தது. 2023 ஜனவரியிலோ, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென உருவாக்கப்பட்ட ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைப் பாடநெறியைப் புளோரிடா மாநில அரசு நிராகரித்தது. எது பாடமாகலாம் என்ற பழைய கேள்வி இன்னும் தீர்ந்துவிடவில்லை.

அத்திலாந்திக்கோடு நின்றிருந்த இத்துறையின் பார்வை பின்னர் இந்து சமுத்திரத்தின் பக்கமும் திரும்பியது. அப்போது நமது தீவும் அதன் படத்துக்குள் வந்துவிடுகிறது. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற அதிபதியிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதுகிறார். அதே பதூதா 1352இல் மாலி நாட்டுக்கும் போனார். அங்கு பிள்ளைகள் குர்ஆனை மனனமிடுவதில் பெற்றோர் காட்டிய கண்டிப்பைப் பார்த்து வியந்தார். புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களது 'மஞ்சா' இசையைக் கேட்டு ரசிக்கும் நாம், அவர்கள் எந்தக் கரையிலிருந்து, யாருடைய கப்பலில், எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்கள் என்று கேட்டிருக்கிறோமா? அதை ஒரு பாடமாகப் படிக்க நமது பிள்ளைகளுக்கு இடமிருக்கிறதா?

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் கிராமத்து ஆசிரியனுக்கு இல்லை. ஆனால் கரும்பலகையில் இரண்டு வரிகளைக் கூடுதலாக எழுதுவதை யாரும் தடுப்பதில்லை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் படிப்பிக்கும் நாளில் 1776 என்று எழுதி, எல்லா மனிதரும் சமம் என்று அந்தப் பிரகடனம் சொன்னதை விளக்குவேன். அதன் பக்கத்தில் உமர் இப்னு ஸைத் என்று எழுதி, அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஆறு, ஓதப் போகிற வயது என்று சொல்வேன். பிறகு 1807 என்று எழுதுவேன். பிள்ளைகள் இரண்டு வருடங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். கேள்விகள் அதன் பிறகு தாமாகவே வரும்.